செட்டிநாட்டு வீட்டில் இருப்பதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கா?

காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தானையும் ஆத்தங்குடியையும் ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர் கேட்டிருக்கிறார்: "கூட்டிப்போனவர் எதைத் தொட்டாலும் பர்மா, இத்தாலி, பெல்ஜியம், ஜப்பான் என்றார். இதெல்லாம் நிஜமா, வருகிறவர்களுக்காகச் சொல்லும் கதையா? இன்னொரு தடவை வந்தால் இரண்டு நாள் தங்கிப் பார்க்க அங்கே என்னதான் இருக்கிறது?" இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும், உள்ளே ஒரே சந்தேகம்தான் என்று படுகிறது. சாமான்களின் பட்டியலைக் கேட்டுவிட்டு வந்தாயிற்று, வீட்டைப் பார்த்தோமா என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் காரைக்குடிக்காரன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பழைய வீடுகளில் மராமத்து வேலை எடுத்துச் செய்கிறேன். ஒழுகும் ஓட்டுக்கூரை, பொரிந்துபோன சுவர், கரையான் ஏறிய நிலை, இவைதான் என் படிப்பு. கோயிலின் காலம், கல்வெட்டின் வாசகம் என்று போனால் நான் கேள்விஞானக்காரன். அதனால் சுவரைப் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சாமியைப் பற்றிச் சொல்வதை இன்னொருவரிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தேக்கிலிருந்து ஆரம்பிப்போம். பர்மாத் தேக்கு நிஜம், அதில் சந்தேகமே வேண்டாம். வளவில், அதாவது வீட்டு நடுவில் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமுமான பகுதியில், வரிசையாக நிற்கும் மரத்தூண்கள், தலைவாசல் நிலை, விட்டம், உத்தரம் எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வந்த மரம்தான். ஏன் இவ்வளவு தாராளமாக வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். நமக்கு இன்று வெளிநாடாகத் தெரிவது இந்த வீடுகளைக் கட்டிய அன்றைய செட்டியாருக்குக் கடல் தாண்டிய உள்நாடு. ரங்கூனில் வட்டிக்கடை, சொந்த ஊரில் கட்டட வேலை. மரம் கப்பலேறி வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தேக்கு மரங்களைக் கப்பலுக்குப் பின்னால் கட்டிக் கடலில் மிதக்கவிட்டே கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்து சுவரில் இடுப்பளவுக்கு ஒட்டியிருக்கும் பளபள டைல்ஸ். ரோஜாப்பூ, மயில், கொடி என்று பச்சையும் சிவப்புமாக இருக்குமே, அதுதான். ஒரு வீட்டில் மழைத்தண்ணீர் இறங்கி நாலைந்து டைல்ஸ் கழன்று விழுந்துவிட்டது. திரும்ப ஒட்டக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது வயதிருக்கும். "பாத்து எடு தம்பி, இத்தாலிக் கல்லு" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். உடையாமல் இருந்த ஒன்றைக் கழுவித் திருப்பினேன். பின்பக்கக் காரையைச் சுரண்ட, ஆங்கில எழுத்து புடைப்பாகத் தெரிந்தது: மேட் இன் ஜப்பான். ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எங்க மாமனார் காலத்துல இருந்து இத்தாலின்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கோம். இப்ப நீ வந்து மாத்தாதே" என்றார். சரி என்று அதே ஜப்பானை இத்தாலியாகவே ஒட்டிவிட்டு வந்தேன்.

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய டைல்ஸைப் பார்த்து ஜப்பான்காரர்கள் மலிவாகச் செய்து ஆசியா முழுக்க விற்றார்கள். சிங்கப்பூர், பினாங்கு பழைய வீடுகளிலும் அதே ரோஜாப்பூவைப் பார்க்கலாம். செட்டியார்கள் கடை வைத்திருந்த ஊர்கள்தானே அவை. ஆகவே ஜப்பான் டைல்ஸ் உண்மை, ஐரோப்பிய டைல்ஸும் சில வீடுகளில் உண்மை. ஒட்டியிருக்கும் டைல்ஸை முன்பக்கத்தை மட்டும் பார்த்து எந்த நாடு என்று அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இரும்புத் தூண்கள், விளக்குகள், பீங்கான் கிண்ணங்கள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வார்ப்பில் அல்லது அடியில் முத்திரை இருந்தால் படித்துச் சொல்லலாம். இல்லாவிட்டால் குடும்பத்தார் சொல்வது, அவ்வளவுதான்.

பளிங்கு விஷயம் இன்னும் சுவாரசியம். முகப்பிலும் பெரிய ஹாலிலும் தரையில் இத்தாலிப் பளிங்கு போட்ட வீடுகள் இருக்கின்றன. ஆனால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு "இதுவும் மார்பிளா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அது பளிங்கே இல்லை. நம் ஊர்ச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் கலந்து கீழ்ப்பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரும் சேரும். அதன்மேல் படிப்படியாக மெல்லிய பூச்சுகள். கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, ஈரம் இருக்கும்போதே சின்னக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் பளபளப்புப் போச்சு. அப்புறம் சில நாளைக்குச் சுவர் தண்ணீர் கக்கும். வேர்த்த முகத்தை ஒற்றுவதுபோல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருப்போம். வெள்ளைக்கரு சேர்ப்பது நானே கலந்து பூசிய விஷயம், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு இத்தனை லட்சம் முட்டை செலவானது என்று சொல்லும் கணக்குக்கு மட்டும் நான் பொறுப்பில்லை. வருஷத்துக்கு வருஷம் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது!

இந்தப் பூச்சைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர், அடியில் கொஞ்சம் பொரிந்திருந்த சுவரைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். சிமென்ட் போட்டால் விடுகிற வழி அடைபடும். ஈரம் மேலே ஏறி, உப்புப் பூத்து, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சும் ஆளுயரத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. நீங்கள் பார்க்கும் பாழடைந்த வீடுகள் எல்லாம் வயதால் கெட்டவை என்று நினைக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்த ரிப்பேராலும் கெட்டிருக்கின்றன.

பெல்ஜியம் கண்ணாடிக்கு அதிக நேரம் வேண்டாம். தமிழில் "பெல்ஜியம் கண்ணாடி" என்பது நல்ல கனமான கண்ணாடிக்கே பெயராகிவிட்டது. சிலது அங்கிருந்து வந்தது, சிலது வேறு எங்கிருந்தோ. விட்டுவிடலாம்.

ஆத்தங்குடிக் கல், அதாவது அந்த ஊரில் தரைக்குச் செய்யும் பூப்போட்ட டைல்ஸ் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறாகச் சொல்லப்படுவது இதுதான் அதிகம். "ஆயிரம் வருஷத்துக் கலை" என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். இந்தக் கல்லில் சிமென்ட் இருக்கிறது. போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அதற்கு முன்னால் இந்தக் கல் எப்படி இருந்திருக்க முடியும்? இந்த வகைச் சிமென்ட் கல் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. நம் ஆட்கள் கற்றுக்கொண்டு, நம் மணலில், நம் கோலத்தில் செய்தார்கள். அதனால் பெருமை குறைந்துவிடாது. பட்டறையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தோசை மாவுப் பதத்தில் கலர்ச் சிமென்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார். அச்சைத் தூக்கும்போது கோடு கலையக் கூடாது, அங்கேதான் கைப்பழக்கம். பிறகு உலர்ந்த மணல்சிமென்ட் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அள்ளி வைத்து அழுத்தி மட்டம் பார்த்துவிடுவார். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது, கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கும். மற்ற பளபளப்பெல்லாம் கால்பட்டுப் பட்டு வருவது. அதனால் பழைய வீட்டுத் தரை புதுத் தரையைவிட நன்றாக இருக்கும்.

சரி, சாமான் கதை போதும். வீட்டுக்கு வருவோம். உங்களைக் கூட்டிப்போனவர் வளவில் நிறுத்தித் தூண்களை எண்ணச் சொல்லியிருப்பார். தூணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருந்த அறைகளைக் கவனித்தீர்களா? அரண்மனை மாதிரி வீட்டில் அறைகள் இவ்வளவு சின்னதாக, இருட்டாக ஏன் இருக்கின்றன என்று தோன்றியிருக்க வேண்டுமே. அதற்குப் பெயர் இரட்டை வீடு. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை. வீட்டில் எத்தனை மகன்களோ, அத்தனை பேருக்கும் கல்யாணமானதும் ஆளுக்கொன்று. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் வரி முதல் ஊர்க்கணக்குவரை எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். கொஞ்ச நாளில் பெற்றவர்களே மகனையும் மருமகளையும் "வேறு வைத்து"விடுவார்கள். ஒரே வீடு, ஒரே வளவு, ஆனால் அடுப்பு தனி, வரவுசெலவு தனி. மற்ற ஊர்களில் அடுப்புப் பிரிந்தால் சண்டை என்று அர்த்தம். இங்கே அது ஏற்பாடு. ஆண்பிள்ளை பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போய் வருஷக்கணக்கில் வரமாட்டான், அவன் பெண்டாட்டி தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சின்ன அறை படுப்பதற்கு என்பதைவிடப் பூட்டி வைப்பதற்குத்தான். பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான்கள் எல்லாம் அதற்குள். வாழ்வதெல்லாம் வளவிலும் தாழ்வாரத்திலும்.

இப்போது வீட்டை முன்வாசலிலிருந்து மறுபடி மனதுக்குள் நடந்து பாருங்கள். தெருப் பக்கம் முகப்பு, திண்ணை. அங்கே ஆண்களும் கணக்கப்பிள்ளையும். அடுத்து வளவு. அதையும் தாண்டினால் இரண்டாம் கட்டு, பந்தி உட்காரும் இடம். அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு. பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரு வீடு ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீள்கிறது. எல்லாக் கதவையும் திறந்துவைத்து முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் காசு அளவில் தெரியும். மழை பெய்யும்போது வளவில் இருக்க வாய்த்தால் விடாதீர்கள். நாலு பக்க ஓட்டுக்கூரையும் முற்றத்துக்குள் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீரை வாய்க்கால் வைத்துக் கிணற்றுக்கோ ஊரணிக்கோ அனுப்பியிருப்பார்கள். வற்றாத ஆறு இல்லாத வறண்ட சீமையில் இவ்வளவு பெரிய ஊர்கள் நின்றது தேக்கால் அல்ல, இந்த வாய்க்காலால் என்பது என் கட்சி.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் சரியாகாது. கீழ்ப்பர்மாவின் நெல் விவசாயிகளுக்கு வட்டிக்குக் கொடுத்த பணம் அது. காடாகக் கிடந்த டெல்டா வயலானதில் செட்டியார் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு, உண்மைதான். ஆனால் 1930-ஐ ஒட்டி உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்தபோது, கடனைக் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1937-ல் 25 சதவீதம் என்பது அரசாங்கக் கணக்கு. நிலத்தை இழந்த பர்மியருக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். செட்டியாருக்கும் நிலம் தேவைப்படவில்லை, ரொக்கம்தான் வேண்டியிருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சுதந்திரத்துக்குப்பின் பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. இங்கே கட்டட வேலை நின்றது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். ஆக, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 1850-க்குப் பிறகு ஒரு நூறு வருஷத்துக்குள் கட்டியது. "ஐந்நூறு வருஷத்து வீடு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பூம்புகார்க் கதை கேட்டிருப்பீர்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு அதுதான் பெயர்) காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்தவர்கள், கடல்கோளை நினைத்துத்தான் வீட்டை உயரமாகக் கட்டினார்கள் என்பார்கள். பூம்புகாரிலிருந்து வந்தது அவர்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மரபு. இளையாத்தங்குடிக்கு வந்த வருஷத்தை கி.பி. 707 என்றுகூடக் கணக்குச் சொல்வார்கள். மரபு என்ற அளவில் மதிக்கலாம், ஆவணம் என்று அதைச் சொல்ல முடியாது. உயரமான அடித்தளத்துக்குக் கடலைக் கூப்பிட வேண்டியதில்லை, கரையானும் ஈரமும் போதும். நகரத்தார் ஒன்பது கோயிலாகப் பிரிந்திருப்பது மட்டும் உறுதியான விஷயம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். கல்யாணம் பேசும்போது முதலில் கேட்பது "எந்தக் கோயில்?" என்றுதான்.

இரண்டு நாள் இருந்தால் நான் இப்படித்தான் கூட்டிப்போவேன். முதல் நாள் காலை கானாடுகாத்தான், ஆனால் காரில் உட்கார்ந்து அல்ல. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு (1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை உண்டாக்கியவர் அவர்தான்) பக்கத்துத் தெருக்களில் ஒரு மணி நேரம் நடங்கள். உள்ளே விடும் வீடுகள் இரண்டு மூன்று இருக்கும், காவல்காரரிடம் கேட்டு, கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள். வெயில் ஏறியதும் ஆத்தங்குடி. பட்டறையை முதலில் பாருங்கள், பெரிய வீட்டை அப்புறம். கல் எப்படி வந்தது என்று தெரிந்தபின் தரையைப் பார்க்கிற கண்ணே வேறு. சாயங்காலம் காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். ஆயிரமா என்று எண்ண வேண்டாம், பெயர் அப்படி. அப்படியே கம்பன் மணிமண்டபம் போனால் அங்கே தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிறது, மொழிக்குக் கோயில் கட்டியிருப்பதை ஒருதரம் பார்க்க வேண்டாமா.

மறுநாள் விடியலில் பிள்ளையார்பட்டி. கூட்டம் வருவதற்கு முன்னால் போனால்தான் அது குடைவரைக் கோயில் என்பதே தெரியும். பாறையோடு பாறையாக, இரண்டே கையோடு உட்கார்ந்திருக்கும் கற்பக விநாயகர். காலம் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே நூற்றாண்டுக் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது, அதில் நான் தலையிடவில்லை. அங்கிருந்து வைரவன்பட்டி பக்கம்தான். சிற்பம் பிடித்தவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, மூன்றரை மணிக்குமேல் திருமயம். 1687-ல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. அடிவாரத்தில் ஒரே பாறையில் அடுத்தடுத்துச் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைந்த கோயில்கள். உச்சியில் பீரங்கி இருக்கிறது, காற்று அதைவிட நன்றாக இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "செட்டிநாடு" என்று ஊரெல்லாம் பலகை போட்டு விற்கும் காரத்தை இங்கே தேடாதீர்கள். வீட்டுச் சமையலில் காரம் அளவுதான், கல்பாசி என்கிற மசாலாச் சாமானின் மணம்தான் முன்னால் வரும். கவுனி அரிசி கிடைத்தால் சாப்பிடுங்கள். அந்தக் கறுப்பரிசியும் பர்மா வழியாக வந்த பழக்கம் என்பார்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் காலையில்.

கடைசியாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு, பழைய சாமான் கடைகள். இடித்த வீட்டின் நிலை, தூண், ரவிவர்மா படம், எனாமல் தூக்கு எல்லாம் இங்கேதான் வந்து சேரும். வீட்டை ஏன் இடிக்கிறார்கள் என்று கோபப்படுவது சுலபம். ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது புள்ளி பங்குதாரர், பாதிப்பேர் சென்னையிலும் வெளிநாட்டிலும். ஓடு மாற்ற யார் காசு போடுவது? கையெழுத்து வாங்கவே இரண்டு வருஷம் ஆகும், அதற்குள் இரண்டு மழை. எனாமல் கிண்ணம் வாங்குவதில் தப்பில்லை. கவிழ்த்து முத்திரையைப் பாருங்கள். ஸ்வீடன் என்றும் ஜப்பான் என்றும் போட்டது நிறையக் கிடைக்கும், அசலைப் போலவே இப்போது செய்கிற புதுச் சரக்கும் கிடைக்கும். பழையதில் விளிம்பு பொரிந்து கறுப்பாகியிருக்கும், புதியதில் அந்தக் கறுப்பும் பெயின்டாக இருக்கலாம். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்தபின் பேரம் ஆரம்பியுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். சித்திரையில் வந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு ஜோடி காலுறை கொண்டுவாருங்கள். செருப்பை முகப்பிலேயே விட்டுவிட வேண்டும், பன்னிரண்டு மணிக்கு முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாது.